ஒரு பேச்சுக்குச் சொன்னது

அந்தத் திரைச்சீலைக் கடையில் அவளுக்கு யுகத்தக்கா என்று பெயர். யார் வைத்த பெயர் என்று கேட்டால் முதலாளி, தையல்காரர், கல்லாவில் உட்காரும் பெண் மூன்று பேருமே 'நான்தான்' என்று முன்னால் வருவார்கள். டீ வரக் கொஞ்சம் தாமதமானால், "ஒரு யுகமா உக்காந்திருக்கேன், டீயைக் காணோம்" என்பாள். தையல்காரர் ஏணியில் ஏறிக் கம்பியை மாட்டிவிட்டு இறங்குவதற்குள், "என்னண்ணே, ஒரு யுகமா மேலேயே இருக்கீங்க, குடித்தனம் வச்சிட்டீங்களா?" என்பாள். சாயங்காலம் மகள் வந்து செருப்பைக் கழற்றினால், "வாடி, உன்னைப் பாத்து ஒரு யுகமாச்சு" என்பாள். அன்று காலையில்தான் இருவரும் ஒரே பஸ்ஸைத் துரத்தி ஓடி ஏறியிருப்பார்கள்.

வியாபாரத்திலும் அதே வாய்தான். துணியைத் தரையில் சரசரவென்று உருட்டி விரித்து, வெயில் படுகிற பக்கமாகத் தூக்கிக் காட்டி, "மாட்டிப் பாருங்க, ஒரு யுகத்துக்குச் சாயம் போகாது" என்பாள். கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார்கள். 'யுகம் முடியவில்லை, சாயம் போய்விட்டது' என்று காலண்டரைத் தூக்கிக்கொண்டு ஒருவரும் சண்டைக்கு வந்ததில்லை. ஏன் வரவில்லை? கேட்டவர்கள் மனிதர்கள். பேச்சு எது, கணக்கு எது என்று அவர்களுக்குத் தெரியும்.

தெரியாத ஆட்களும் உலகத்தில் இருக்கிறார்கள், அதற்கென்றே சம்பளம் வாங்குகிறார்கள் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

கடையில் துணி உருளைகளைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்திருப்பார்கள். வேண்டியதை எடுக்க, குழந்தையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துத்தான் தூக்க வேண்டும். ஒரு நாள் அப்படித் தூக்கியபோது இடது பக்கம் சுரீரென்றது. வீட்டுக்கு வந்து தடவிப் பார்த்தாள். சட்டைப் பொத்தான் அளவுக்கு ஏதோ கையில் தட்டுப்பட்டது. கடையில் அப்போது வேலை தலைக்கு மேல் இருந்தது. ஒரு பெரிய விடுதிக்காரர் தன் அறைகளுக்கெல்லாம் திரை கேட்டிருந்தார். அந்த வேலை முடியட்டும் என்று மூன்று வாரம் தள்ளிப் போட்டாள். தள்ளிப் போட்டது அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் முதலில் பார்த்தது ஓர் இளம் டாக்டர். வெளியே கூட்டம். அவர் முகத்தைப் பார்த்தால் அன்று காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காதவர் போலிருந்தது. திரைக்குப் பின்னால் ரவிக்கையைக் கழற்றிவிட்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் நின்றாள். அந்தத் திரையில் நான்கு வளையங்கள் அறுந்து தொங்குவதைப் பயத்திலும் அவள் கண் கவனித்தது.

"எத்தனை நாளா இருக்கும்மா?"

"அது இருக்கு டாக்டர் ஒரு யுகமா" என்றாள்.

பயந்தால் அவளுக்கு வாய் இன்னும் நீளும். மகளாக இருந்தால், "எப்பலேருந்துன்னு ஒழுங்கா சொல்லும்மா" என்று அதட்டியிருப்பாள். டாக்டர் அதட்டவில்லை. இன்னொரு முறை கேட்கவும் இல்லை. யுகம் என்று எழுத முடியாதே என்று அவராகப் பெருந்தன்மையோடு குறைத்து, 'கட்டி, பல வருடங்களாக' என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

பரிசோதனையில் அது புற்று என்று வந்தது. அவள் அழுதாள், மகள் அழுதாள், தையல்காரர் ஊசியைக் கீழே போட்டுவிட்டு வெளியே போய் நின்றார். மகள் கைக்குழந்தையாக இருக்கும்போதே கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். சொத்து என்று சொல்ல ஒரு தையல் மெஷின் இருந்தது. ஆனால் இன்சூரன்ஸ் இருந்தது. அந்த ஒன்றை நினைத்துத்தான் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதை அவள் தலையில் கட்டியவன் தங்கச்சி புருஷன். ஊரெல்லாம் அவனை ஏஜெண்ட் என்றே கூப்பிடும், இவள் மட்டும் தம்பி என்பாள். அவளுக்கு நோய் வருவதற்கு இரண்டரை வருடத்துக்கு முன்னால் வீட்டுக்கு வந்து, நாற்காலியில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, "அக்கா, நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க. எமனே வந்தாலும் எங்க கம்பெனியைக் கேட்டுட்டுத்தான் உங்க வாசல்ல கால் வைப்பான்" என்றான். அவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியும் வந்தாள்.

ஆபரேஷன் நடந்தது. கம்பெனி மறுபேச்சுப் பேசாமல் பார்த்துக்கொண்டது. அதன்பின் மருந்து ஏற்றினார்கள், இரண்டு தவணை. தலைமுடி கொத்துக் கொத்தாகப் போனது. கடையில் மிஞ்சிய, திரைக்கு உள்பக்கம் வைத்துத் தைக்கும் துணித் துண்டை வெட்டி, ஓரம் அடித்து, தானே தலைக்கு ஒரு கட்டுத் தைத்துக்கொண்டாள். "திரை போட்டுட்டேன்டி, இனிமே உள்ள நடக்கிறது யாருக்கும் தெரியாது" என்று மகளிடம் சிரித்தாள். மூன்றாவது தவணைக்குப் போனபோது இன்சூரன்ஸ் மேசையில் இருந்த பெண் கார்டை இரண்டு தரம் தேய்த்துப் பார்த்துவிட்டு, "செல்லலைங்க" என்றாள்.

பாலிசியை ரத்து செய்துவிட்டார்கள். பல வருடங்களாக இருந்த நோயை மறைத்து பாலிசி எடுத்தாளாம். மோசடியாம். ஆபரேஷனுக்குக் கொடுத்ததையும் திருப்பிக் கேட்பார்களாம்.

இதில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். துணிக்கடையில் ஒரு கடை விரட்டினால் பக்கத்துக் கடைக்குப் போகலாம். புற்று வந்தவளுக்கு இன்சூரன்ஸில் பக்கத்துக் கடை கிடையாது. போனில் வயதைக் கேட்பார்கள், வேலையைக் கேட்பார்கள், குரல் தேனாக வழியும். நோயின் பெயரைச் சொன்னதும் லைன் கட்டாகும். மகள் வரிசையாகக் கூப்பிட்டுப் பார்த்தாள். ஒருவன்கூட ஏன் என்று சொல்ல மெனக்கெடவில்லை. அந்த மருந்தைக் கைக்காசில் போட்டுக்கொள்வது அந்தக் குடும்பத்தால் ஆகிற காரியமில்லை. ஆகவே அந்தக் கார்டு செல்லாவிட்டால் மருந்து இல்லை, மருந்து இல்லாவிட்டால் என்ன என்பதை அம்மாவும் மகளும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

முதலில் அந்த இளம் டாக்டரிடம் போனார்கள். அவர் வேறு ஆஸ்பத்திரிக்கு மாறியிருந்தார். தேடிப் பிடித்தார்கள். "நீங்க சொன்னதைத்தாம்மா எழுதினேன். எழுதினதை மாத்தினா என் வேலை போயிடும்" என்று கையை விரித்தார். ஆபரேஷன் செய்த பெரிய டாக்டர் நல்லவர். இந்தக் கட்டியின் போக்கைப் பார்த்தால் வருடக்கணக்கில் இருந்திருக்க வாய்ப்பே இல்லை என்று தெளிவாக எழுதிக் கொடுத்தார். கம்பெனி அதைச் சட்டையே செய்யவில்லை. டாக்டர் சொல்வது கருத்தாம், நோயாளி சொன்னதுதான் சாட்சியாம். இத்தனை காலம் அவள் சொல்லை இவ்வளவு மதித்தவர்கள் யாருமே இல்லை.

அடுத்து தங்கச்சி வீடு. ஏஜெண்ட் டிவியைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அக்கா, நான் வெறும் ஏஜெண்ட். கிளெய்ம் விஷயத்துல நான் மூக்கை நுழைக்க முடியாது."

"எமன் கேட்டுட்டு வருவான்னு சொன்னீங்களே தம்பி. கேட்டானா? நீங்கதான் வழி காட்டி அனுப்பினீங்களா?"

"அக்கா, அது சும்மா..."

"சும்மான்னா?"

"விக்கிறப்ப நாலு வார்த்தை கூடக் கொறயச் சொல்றதுதான். நீங்களும் கடையில சொல்றதுதானே?"

தங்கச்சி சமையலறை வாசலில் நின்று புருஷனையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். "அக்கா, அவரு வேலைக்கு ஒண்ணும் ஆயிடாம பாத்துக்கக்கா" என்றாள். யுகத்தக்காவுக்கு அந்த இடத்தில்தான் வயிறு எரிந்தது. உயிர் போகிறது என்று ஒருத்தி வந்து நிற்கிறாள், கூடப் பிறந்தவள் புருஷனின் வேலையைப் பற்றிக் கவலைப்படுகிறாள். டம்ளரில் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் எழுந்து வந்தாள். படி இறங்கும்போது, "நல்லா இருங்க" என்றாள். அதைவிட மோசமாகத் திட்ட அவளுக்கு அன்று வார்த்தை கிடைக்கவில்லை.

இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்க ஓர் அலுவலகம் இருப்பதை மகள்தான் கண்டுபிடித்தாள். மகளுக்குப் பல் ஆஸ்பத்திரியில் முன்மேசை வேலை. வருகிறவர்களிடம் நாள் முழுக்க, "அஞ்சு நிமிஷம் உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்று சொல்வதுதான் அவளுடைய தொழில். அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு படமே பார்த்துவிடலாம். ஆனாலும் எழுதுவதில் கெட்டிக்காரி. புகாரை எழுதி அனுப்பினாள், பதில் வராதபோது மறுபடி எழுதினாள், கடைசியில் ஒரு நாள் குறித்தார்கள்.

போகிற வழியெல்லாம் பாடம் நடத்தினாள். "அம்மா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கதை வேண்டாம். முக்கியமா அந்த வார்த்தை உன் வாயில வரவே கூடாது."

"எந்த வார்த்தை?"

"அம்மா!"

"சரி சரி. வாயில பிளாஸ்திரி போட்டுக்கறேன்."

பேங்குக்கு மேல்மாடியில் ஒரு சின்ன அறை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை டொக்கென்று இடிக்கிற மின்விசிறி. ஜன்னலில் வெயிலுக்கு நாளிதழ் ஒட்டியிருந்தார்கள். 'ஒரு திரை வாங்க வக்கில்லை, இதுல நியாயம் எங்கேருந்து வாங்கித் தரப் போறாங்க' என்று அவளுக்குத் தோன்றியது. நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை. வாசலில் இருந்தவர், "அஞ்சு நிமிஷத்துல கூப்பிடுவாங்க" என்றார். காலை முழுவதும் போனது. மகள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே மேசைக்குப் பின்னால் விசாரணை அதிகாரி, தடித்த கண்ணாடி. ஓரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண். அறையில் பேசுவதையெல்லாம் அவள் அப்படியே அடித்துவிடுவாள், அதுதான் ரெக்கார்டு என்று அதிகாரி முன்கூட்டியே எச்சரித்தார். எதிரே கம்பெனியின் ஆள், கழுத்தை இறுக்கிய சிவப்பு டை. அந்த வெக்கையிலும் அதை ஒரு விரல் தளர்த்தவில்லை. யுகத்தக்கா மனதுக்குள் அவனுக்கு டை என்றே பெயர் வைத்துவிட்டாள்.

டை வாசித்தான். "'கட்டி, பல வருடங்களாக.' நோயாளியே தன் வாயால சொன்னது சார். வேற ஆதாரமே தேவையில்லை."

அதிகாரி நிமிர்ந்தார். "நீங்க அப்படிச் சொன்னீங்களாம்மா?"

"பல வருஷம்னு நான் சொல்லலைங்க."

"அப்ப என்ன சொன்னீங்க?"

மேசைக்கடியில் மகள் அவள் காலை மிதித்தாள். யுகத்தக்காவுக்குப் பொய் சொல்லத் தெரியும், கடையில் தினமும் சொல்கிறவள்தான். ஆனால் அன்று வரவில்லை.

"ஒரு யுகமா இருக்குன்னு சொன்னேங்க."

டையின் முகம் பூவாக மலர்ந்தது. "ஒத்துக்கிட்டாங்க சார்! பல வருஷத்துக்கும் மேலன்னு அவங்களே சொல்றாங்க!"

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். கம்ப்யூட்டர் பெண் டக்டக்கென்று அடித்தாள்.

"யுகம்னா எவ்வளவு காலம்னு தெரியுமாம்மா?" என்றார் அதிகாரி.

"லட்சக்கணக்குல வரும்னு சொல்வாங்க சார். அந்தக் கணக்குப்படி பாத்தா எனக்குக் கட்டி வந்தப்ப இவங்க கம்பெனி இல்ல, மனுஷன்னே ஒருத்தன் பொறந்திருக்க மாட்டான்."

"இது விசாரணைம்மா. கேலி வேண்டாம்."

"கேலி நான் பண்ணலைங்க."

டைக்குப் பொறுமை போயிற்று. காகிதக் கட்டை மேசையில் தட்டினான். "சார், இவங்க ஃபைலை நாங்க ஆயிரம் தடவை படிச்சிட்டோம். இனிமே பாக்க ஒண்ணுமே இல்லை."

யுகத்தக்கா ஓரத்துப் பெண் பக்கம் திரும்பினாள். "அம்மா, ஆயிரம்னு அடிச்சிட்டீங்களா?"

"அடிச்சிட்டேன்" என்றாள் அந்தப் பெண், ஒன்றும் புரியாமல்.

"நல்லது. தம்பி, ஆயிரம் தடவையும் நீங்களே படிச்சீங்களா, ஆள் வச்சுப் படிச்சீங்களா? என் பாலிசியை ரத்து பண்ணி இன்னும் ரெண்டு மாசம்கூட ஆகலையே. சோறு தண்ணி இல்லாம படிச்சாலும் ஆயிரம் வராதே. விசாரணையில உக்காந்துக்கிட்டுப் பொய் சொல்லலாமா? சார், இது மோசடி இல்லையா?"

"ஐயோ, என்னங்க இது..." டை அதிகாரியைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். "அது ஒரு பேச்சுக்குச் சொன்னது!"

கம்ப்யூட்டர் பெண்ணின் விரல்கள் அந்தரத்தில் நின்றன. மின்விசிறி டொக்கென்றது.

"அதையும் அடிங்கம்மா" என்றாள் யுகத்தக்கா. "'ஒரு பேச்சுக்குச் சொன்னது.' எழுத்து விடாம அடிங்க."

பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது. அவ்வளவு நேரம் எங்கே இருந்ததோ, மொத்தமாக வந்தது. எழுந்து நின்றாள். தலைக்கட்டு சரிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"சம்பளம் வாங்கிக்கிட்டு, டை கட்டிக்கிட்டு, ஒவ்வொரு வார்த்தையும் ரெக்கார்டாகும்னு தெரிஞ்சு வந்த இடத்துல நீங்க ஒரு பேச்சுக்குச் சொல்லலாம். எமன் உங்களைக் கேட்டுட்டுத்தான் வருவான்னு சொல்லி உங்க ஆளு பாலிசி விக்கலாம், அதுவும் ஒரு பேச்சுக்கு. நான் மட்டும், முன்னப்பின்ன தெரியாத ஆம்பளை முன்னாடி மாரைத் திறந்து காட்டிக்கிட்டு, பயத்துல நாக்கு ஒட்டிக்கிட்டு நிக்கிறப்ப, ஒரு வார்த்தை பேச்சுக்குச் சொல்லிட்டேன். அதுக்கு என்னைச் சாகச் சொல்றீங்க. உங்க வாய்க்கு ஒரு நியாயம், என் வாய்க்கு ஒரு நியாயமா?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கம்ப்யூட்டர் பெண் தலையைக் குனிந்துகொண்டு அடித்தாள். இந்த முறை விசைகளில் சத்தம் கூடுதலாக இருந்தது. "உக்காருங்கம்மா" என்றார் அதிகாரி கடைசியில். "பெரிய டாக்டர் எழுதின கடிதத்தைக் கொடுங்க. அதை இவங்க ஒரு தடவையாவது படிச்சாங்களான்னு பார்ப்போம்."

டை அதைப் படித்திருக்கவில்லை. ஒரு தடவைகூட.

தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. பாலிசி உயிர் பெற்றது, கார்டு செல்லும் என்றானது. கம்பெனி அனுப்பிய காகிதத்தில் 'மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று இருந்தது. மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை. நடுவில் இரண்டு தவணை மருந்து போடாமல் போனது போனதுதான். அது என்ன செய்யும், எதைக் கிளப்பிவிடும் என்று கேட்டதற்குப் பெரிய டாக்டர் மேசைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தார். அந்த இரண்டு தவணையை எந்த அதிகாரியும் தீர்ப்பில் திருப்பிக் கொடுக்க முடியாது. கம்பெனிக்காரர்களை அதற்காக யாரும் மோசடிக்காரர்கள் என்று எழுதவும் இல்லை.

ஏஜெண்ட் ஒரு பை பழத்தோடு வந்தான். "நான் அப்பவே சொன்னேன்லக்கா, கம்பெனி கைவிடாதுன்னு" என்றான்.

"எப்ப சொன்னீங்க தம்பி?"

"அன்னிக்கு வீட்டுக்கு வந்தப்ப..."

"தேதி சொல்லுங்க. என்ன வார்த்தையில சொன்னீங்க, யாரு கேட்டாங்க, அதையும் சொல்லுங்க. அப்புறம் பழத்தை வைக்கலாம்."

அவன் பையோடு திரும்பிப் போனான். கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடையில் எல்லோரும் அதோடுதான் சொல்லி முடிப்பார்கள், முதலாளி டையைப் போலவே நடித்தும் காட்டுவார்.

ஆனால் தோற்ற கம்பெனி அவளை விடவில்லை. அதற்குப் பிறகு அடிக்கடி போன் வரும். முதலில் ஒரு ரெக்கார்டிங்: இந்த உரையாடல் பதிவு செய்யப்படலாம். அப்புறம் தேன் குரல்: "நலம் விசாரிக்கத்தான் மேடம். வலி இருக்கா? எத்தனை நாளா? வேற எங்கேயாவது?" யுகத்தக்கா சுவரைப் பார்த்து நின்றுகொண்டு பதில் சொல்வாள். "நேத்து சாயங்காலத்திலிருந்து. இடது தோள். லேசா." போனை வைத்துவிட்டு நெற்றியைத் துடைப்பாள்.

கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பேச்சே அவள் பேச்சாகிவிட்டது. டீ வரத் தாமதமானால், "பத்து நிமிஷமாச்சு" என்றாள். கடைக்கு வந்தவர் சாயம் போகுமா என்று கேட்டதற்கு, "வெயில் பட்டா ரெண்டு வருஷத்துல மங்கும்" என்றாள். வந்தவர் வாங்காமல் போனார். விரித்த துணியை முதலாளியே சுருட்டி வைத்தார். யுகத்தக்கா என்று கூப்பிட ஏனோ எல்லோருக்கும் வாய் வராமல் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து மகள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"வலிக்குதாம்மா?"

"காலையிலேருந்து. முதுகுல, நடுவுல. மிதமா."

மகளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அம்மா, நான் உன் பொண்ணும்மா! இன்சூரன்ஸ்காரி இல்ல! என்கிட்டயாவது உன் மாதிரி பேசேன்!"

யுகத்தக்கா மகளைப் பார்த்தாள். பிறகு தலையணைக்குப் பக்கத்தில் கிடந்த போனைப் பார்த்தாள்.

"அதை எடுத்துட்டுப் போய் வெளியில வை."

"அம்மா, அதுல யாரும் இல்லம்மா."

"வைடி."

மகள் போனை எடுத்துப் போய் அடுத்த அறையில் வைத்தாள்.

"கதவைச் சாத்து."

சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். யுகத்தக்கா அவள் கையை இழுத்துத் தன் கன்னத்துக்கடியில் வைத்துக்கொண்டு, கதவையே ஒரு தரம் பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

"ஒரு யுகமா வலிக்குதுடி."